மடியில் கனமில்லாதவருக்கும் வழியில் பயமுண்டு
குடிமக்கள் அனைவரினதும் மரபணுவை அரசு பதிந்து வைக்கலாமா?

பலெர்மோ நகரின் கடலோரத்தை ஒட்டிக் கிடக்கும் கால்சா, அரபு மொழியிலிருந்து பெயர் பெற்ற பழைய குடியிருப்பு. பத்தாம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட அரபு ஆட்சியாளர் தமது நிர்வாகத்திற்கென மதில் சூழ அமைத்த கோட்டை நகரின் பெயர் 'அல் ஹாலிஸா'. அதுவே நாளடைவில் கால்சாவாயிற்று. இப்பகுதியில் மரீனா சதுக்கத்தை நோக்கி நிற்கும் 'ஸ்தெரி' மாளிகை, பதினான்காம் நூற்றாண்டில் கியாரமொந்தே பிரபுக் குடும்பத்தினரால் எழுப்பப்பட்டது. இன்று அது பலெர்மோ பல்கலைக்கழகத்தின் தலைமையகம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1782 வரை அது ஸ்பானிய சமய விசாரணை மன்றின் இருப்பிடமாகவும் சிறையாகவும் விளங்கியது. அங்கே அடைபட்டோர் சுவர்களில் வரைந்துவைத்த உருவங்களும் எழுத்துக்களும் 1906 இல் வெளிக்கொணரப்பட்டன. இன்றும் அவற்றைப் பார்வையிடலாம்.

அம்மன்று விசாரித்த குற்றங்களுள் ஒன்று, ஒருவரது பாட்டனார் யார் என்பதாகும். 1492 ஆம் ஆண்டின் ஆணையினால் சிசிலியின் யூதர்கள் ஒன்றில் மதம் மாற வேண்டும், அன்றேல் தீவைவிட்டு வெளியேற வேண்டும் என்றாயிற்று. மதம் மாறித் தங்கியோரின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக ஐயத்துக்கு ஆளாகினர். யார் எந்தக் குடியில் பிறந்தவர், எவர் எவரைக் காட்டிக்கொடுத்தார் என்பன ஏடுகளில் ஏறின. 1782 இல் அம்மன்று கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, அரசப் பிரதிநிதி தொமேனிக்கோ கராச்சியோலோவின் காலத்தில், அதன் ஆவணக் காப்பகம் தீயிலிடப்பட்டது. வரலாற்று மாணவர் வருந்தக்கூடிய இழப்புத்தான். ஆயினும் அந்த ஏடுகளில் தமது பாட்டன்மாரின் பெயர்களைக் கொண்டிருந்த குடும்பங்கள் அன்று எவ்வளவு ஆறுதலடைந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த ஏடுகளில் இருந்தது இரத்தத்தைப் பற்றிய வாய்மொழி. இன்றைய அரசுகளோ இரத்தத்தையே கேட்கின்றன. குடிமக்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு துளி இரத்தமோ உமிழ்நீரோ பெற்று, டி.என்.ஏ. எனப்படும் மரபணுக் குறியீட்டை அரசின் கணினியில் கட்டாயமாகப் பதிந்து வைக்கலாமா என்ற கேள்வி பல நாடுகளில் எழுந்து, ஒரு நாட்டில் சட்டமாகவும் ஆகியது. நாடிழந்து, பிறர் நாட்டில் அடையாளம் தேடி நிற்கும் எமக்கு இக்கேள்வி அயலார் விவகாரமன்று.

ஆதரிப்போர் கூறுவது

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்துடன் எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் என்னும் அறிஞர் 1984 இல் மரபணுவைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறையைக் கண்டறிந்தார். அப்பல்கலைக்கழகத்தின் அயற்கிராமங்களில் 1983 இலும் 1986 இலும் இரு சிறுமியர் கொல்லப்பட்டனர். பதினேழு வயது இளைஞர் ஒருவர் இரண்டாவது கொலையைத் தாமே புரிந்ததாக ஒப்புக்கொண்டிருந்தார். மரபணுச் சோதனையோ இரு கொலைகளையும் புரிந்தவர் ஒருவரே, அவர் இந்த இளைஞரல்லர் என்று காட்டிற்று. குற்றவாளியைக் கண்டுபிடிக்குமுன் நிரபராதி ஒருவரை இந்த விஞ்ஞானம் விடுவித்தது என்பதை மறத்தலாகாது. பின்னர் அப்பகுதி ஆண்கள் ஐயாயிரம் பேர் வரையில் மாதிரி கொடுத்தனர். கொலையாளியோ சக தொழிலாளி ஒருவரைத் தம் பெயரில் அனுப்பித் தப்பினார். அந்த ஆள்மாறாட்டம் ஒரு மதுச்சாலைப் பேச்சில் வெளிப்பட்டதனாலேயே அவர் அகப்பட்டார். எல்லோரது மரபணுவும் முன்னரே பதிவில் இருந்திருப்பின் இரண்டாவது சிறுமி உயிரோடிருந்திருப்பாளே என்று கேட்போர் உளர். இலேசாகத் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று அது.

கால்சாவுக்கும் இதில் ஒரு பங்குண்டு. மாஃபியாவை எதிர்த்து நின்று 1992 இல் குண்டுகளுக்கு இரையான நீதிபதிகள் ஜொவானி பல்கோனேயும் பாவுலோ பொர்செல்லீனோவும் இந்தக் குடியிருப்பிற் பிறந்தவர்களே. பல்கோனே கொல்லப்பட்ட கப்பாச்சி நெடுஞ்சாலையை நோக்கிய குன்றில் கிடந்த சிகரெட் துண்டுகளிலிருந்து பெறப்பட்ட மரபணு, கொலையாளிகளைத் தேடிய விசாரணைக்கு உதவிய தடயங்களுள் ஒன்று. சாட்சி சொல்ல மனிதர் அஞ்சும் நாட்டில் சிகரெட் துண்டு சாட்சி சொல்கின்றது என்றால் அதனை யார் வேண்டாமென்பர்?

சமத்துவத்தின் பெயராலும் ஒரு வாதம் உண்டு. 2007 இல் பிரித்தானிய மேன்முறையீட்டு நீதிபதி ஸ்டீபன் செட்லி, அந்நாட்டில் வாழும் அனைவரையும், வந்துபோவோரையுங்கூட, மரபணுப் பதிவகத்தில் சேர்க்க வேண்டும் என்றார். பொலிசார் யாரைக் கைது செய்கின்றனரோ அவர்களே பதிவாகின்றனர். கறுப்பினத்தவரும் சிறுபான்மையினரும் அதிகமாகக் கைது செய்யப்படுவதால் பதிவகத்திலும் அவர்களே அதிகமாயுள்ளனர். எல்லோரையும் சேர்த்தால் இந்த அநீதி நீங்கும் என்பது அவரது தர்க்கம்.

"மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்" என்பது எமது முதுமொழி. குற்றம் புரியாதவன் எதற்கு அஞ்ச வேண்டும் என்று எம்மவரிற் பலரும் கேட்கக் கூடும். அதற்கு விடை காண, அந்தத் துளி எதைச் சொல்கின்றது என்பதை முதலில் அறிய வேண்டும்.

ஒரு துளியில் ஒரு குடும்பம்

கைரேகை ஒருவருக்கு மட்டுமே உரியது. தந்தையின் கைரேகையைக் கொண்டு மகனைக் கண்டுபிடிக்க முடியாது. மரபணு அப்படியன்று. அதிற் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகின்றது. பதிவகங்கள் முழு மரபணுவையும் வாசிப்பதில்லை. ஆளுக்காள் வேறுபடும் சில குறித்த இடங்களை, ஏறத்தாழ பதினைந்து முதல் இருபது வரையான இடங்களை, எடுத்து அவற்றை எண்களாகப் பதிகின்றன. அந்த எண்வரிசை நோயைச் சொல்லாது; உறவைச் சொல்லும். ஒருவர் கொடுத்த மாதிரி, கேட்கப்படாமலே அவரது பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் ஆகியோரைப் பற்றியும் பேசுகின்றது.

வட இத்தாலியின் பேர்காமோ மாகாணத்தில் 2010 இல் காணாமற்போன பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் கொலை வழக்கு இதற்குத் தக்க உதாரணம். சுற்றுவட்டாரத்தில் பல்லாயிரம் பேர் தாமாக மாதிரி கொடுத்தனர். கொலையாளியின் மரபணு, ஏற்கெனவே இறந்துபோன ஒருவரின் மகனுக்குரியது எனத் தெரியவந்தது. ஆனால் அவரது அறியப்பட்ட பிள்ளைகள் எவருடனும் அது பொருந்தவில்லை. நெடுநாள் தேடலின் பின் 2014 இல் ஒருவர் கைதானார். 2018 இல் அவரது ஆயுட்தண்டனை உறுதியாயிற்று. கூடவே, அவர் தந்தையென நம்பியவர் அவரது தந்தையல்லர் என்பதும் நாடறிந்த செய்தியாயிற்று. கொலைக் குற்றத்தோடு எவ்விதத் தொடர்புமற்ற தாய் ஒருவரின் அந்தரங்கம் பத்திரிகைகளின் முதற்பக்கத்திற்கு வந்தது. "நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கலாகாது" என்ற எம் முன்னோர், இதன் பொருளை நன்கு உணர்ந்திருந்தனர் போலும். ஒரு கொலைக்காக இவ்விலையைக் கொடுக்கலாம் என்று சமூகம் முடிவு செய்யலாம். நாட்டில் உள்ள அத்தனை குடும்பங்களின் மூலத்தையும், எந்தக் குற்றமும் நிகழுமுன்னரே அரசின் கையில் ஒப்படைப்பது முற்றிலும் வேறான காரியம்.

குவைத்தின் பாடம்

அத்தகைய காரியத்தைச் சட்டமாக்கிய நாடு குவைத். 2015 ஜூன் 26 அன்று அங்குள்ள ஷியா பள்ளிவாசலொன்றில் தற்கொலைக் குண்டு வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில நாட்களுக்குள் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றிற்று. குடிமக்கள், வதிவோர், வருகை தருவோர் அனைவரும் மரபணு மாதிரி தர வேண்டும். மறுப்போருக்கு ஓராண்டு வரை சிறையும் 10,000 தினார் வரை தண்டமும் விதிக்கலாம் என்றது அது. அந்நாட்டில் உழைக்கும் ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளரும் வீட்டுப் பணிப்பெண்களும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வந்தனர்.

குண்டு வைத்தவனைப் பிடிப்பதற்கே இச்சட்டம் என்று சொல்லப்பட்டது. ஆனால் குவைத்தில் 'பிதூன்' எனப்படும் நாடற்ற மக்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் உளர். குடியுரிமை அங்கு தந்தை வழியாகக் கிடைப்பது. எனவே மரபணு ஏடு குற்றவாளியைத் தேடுவதற்கு முன்னர், யார் உண்மையான குவைத்தியர், யார் அல்லர் என்று பிரிக்கும் கருவியாகிவிடும் என்ற அச்சம் பரவிற்று. 2016 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு இச்சட்டத்தைக் கண்டித்தது. 2017 ஒக்டோபரில் குவைத்தின் அரசியலமைப்பு நீதிமன்றே, தனிமனித சுதந்திரத்தையும் அந்தரங்கத்தையும் மீறுவதாகக் கூறி அதனை இரத்துச் செய்தது. செட்லி நீதிபதியின் தர்க்கத்திற்குக் குவைத் ஒரு விடையாக அமைகின்றது. எல்லோரது பெயரும் ஏட்டில் ஏறினாலும், அந்த ஏட்டைப் புரட்டும் கை எல்லோரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

ஐரோப்பா வகுத்த வரம்பு

ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்று 2008 டிசம்பர் 4 அன்று 'எஸ். மற்றும் மார்ப்பர்' வழக்கில் ஏகமனதாக ஒரு தீர்ப்பு வழங்கிற்று. பதினொரு வயதில் கைதாகி விடுவிக்கப்பட்ட சிறுவன் ஒருவனும், வழக்கு கைவிடப்பட்ட ஒருவரும் தமது கைரேகைகளையும் மரபணு மாதிரிகளையும் அழிக்குமாறு கேட்க, பிரித்தானியா மறுத்திருந்தது. குற்றவாளியெனக் காணப்படாதோரின் பதிவை வரையறையின்றி வைத்திருப்பது தனிவாழ்வுக்கான உரிமையை மீறுவதாகும் என்றது நீதிமன்று. இதன் பின் இயற்றப்பட்ட 2012 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்நாட்டின் பதிவகத்திலிருந்து 17 இலட்சத்திற்கும் மேற்பட்ட பதிவுகள் நீக்கப்பட்டன.

இத்தாலி 2009 ஆம் ஆண்டின் 85 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய மரபணுப் பதிவகத்தை நிறுவிற்று; 2016 இல் அது இயங்கத் தொடங்கியது. அது அனைவருக்குமான ஏடன்று. குறித்த குற்றங்களுக்காகக் கைதானோர், தண்டனை பெற்றோர், குற்றத் தலங்களிற் கிடைத்த தடயங்கள், காணாமற்போனோர், அவர்தம் உறவினர், அடையாளம் தெரியாத சடலங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் உரியது. நோயைக் காட்டக்கூடிய பகுதிகளை ஆராய்வதைச் சட்டம் தடுக்கின்றது. குற்றம் புரியவில்லை எனத் தீர்ப்புப் பெற்றவரின் பதிவை அழிக்க வேண்டும் என்கின்றது. குறைகள் இருக்கலாம். எனினும் ஏட்டிற்கு வாயிலும் உண்டு, வெளியேறும் வழியும் உண்டு. அனைவருக்குமான கட்டாய ஏட்டில் வெளியேறும் வழி என்பதே இராது.

எம்மவருக்கு இது ஏன் வேறு கேள்வி?

வாசகர்கள் அறிவர்: ஐரோப்பாவில் தஞ்சம் கோரும் ஒருவரின் பத்து விரல்களும் 2003 முதல் 'யூரோடாக்' பதிவகத்தில் ஏறுகின்றன. 'சொஜோர்னோ' என்று எம்மவர் வழங்கும் வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூராவில் வரிசையில் நின்று விரல் பதித்தோர் நாம். குடிமக்களுக்கு எதிர்காலத்தில் வரலாம் என விவாதிக்கப்படுவது, அகதிக்கு நேற்றே வந்துவிட்டது.

ஆயினும் மரபணுவை நாம் எதிரியாகவும் கொள்ளலாகாது. இம்முறை முதன்முதலாகப் பயன்பட்டதே ஒரு குடிவரவு வழக்கில்தான். 1985 இல் கானாவிலிருந்து பிரித்தானியாவுக்குத் திரும்பிய சிறுவன் ஒருவனை, அவன் அத்தாயின் பிள்ளையல்லன் என்று அதிகாரிகள் ஐயுற்றனர். ஜெஃப்ரிசின் சோதனை அவன் அவளது மகனே என நிறுவிற்று. அதே வழியில், இத்தாலியின் குடும்ப மீளிணைவுச் சட்டமும் 2008 இன் திருத்தத்தின் பின், ஆவணங்கள் இல்லாதபோதோ ஐயத்துக்குரியபோதோ மரபணுச் சோதனையை அனுமதிக்கின்றது. கச்சேரி எரிந்து, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் பெறமுடியாத ஒரு தாய்க்கு அது வரப்பிரசாதம். ஆனால் போரில் இறந்த தமக்கையின் பிள்ளையைத் தன் பிள்ளையாய் வளர்த்த தாய்க்கு அதே சோதனை என்ன சொல்லும்? இரத்தம் அறிந்தது பிறப்பை மட்டுமே. வளர்ப்பை அது அறியாது.

இரத்தத்திடம் அது அறியாததைக் கேட்ட அரசுகளும் உண்டு. 2009 இல் பிரித்தானிய எல்லை நிர்வாகம், சோமாலியர் எனக் கூறித் தஞ்சம் கோரியோரின் நாட்டை மரபணுவினால் அறியலாம் என ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தைத் தொடங்கிற்று. மரபணு கடவுச்சீட்டு வைத்திருப்பதில்லை என்று விஞ்ஞானிகளே கடிந்துரைக்க, அது கைவிடப்பட்டது. பருத்தித்துறைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கடலும் எல்லைக்கோடும் உண்டு. இருகரையிலும் வாழ்வோரின் மரபணுவில் அப்படியொரு கோடு கிடையாது.

ஏடுகள் எழுதப்படும் நோக்கம் ஒன்று, பயன்படும் விதம் வேறு என்பதை எமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில், வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்திருந்தோர் வீட்டிலக்கம் பார்த்துத் தமிழரின் வீடுகளைத் தேடிச் சென்றனர். வாக்குரிமைக்கெனப் பதியப்பட்ட பெயர்கள் எரிப்பதற்கு வழிகாட்டின. அன்று எரிந்த வீடுகளில் இருந்தோரின் மடியில் எந்தக் கனமும் இருக்கவில்லை. பெயர் மாற்றி, மொழி மாற்றி, நெற்றிப் பொட்டை அழித்து அன்று உயிர் தப்பியோர் உளர். மரபணுவை எவரும் அழிக்கவோ மாற்றவோ முடியாது.

இரத்தம் எப்போது காக்கும் என்பதற்குப் பலெர்மோவே ஒரு சான்று தந்துள்ளது. 2016 இல் சூடானிலிருந்து ஓர் எரித்திரிய இளைஞர் இங்கு கொண்டுவரப்பட்டார். ஆட்கடத்தற் கும்பலின் தலைவர் இவரே என்று உலகிற்கு அறிவிக்கப்பட்டது. நான் அவனல்லன் என்று அவர் சொன்னார். எரித்திரியாவிலிருந்து அவரது தாய் பலெர்மோவுக்கு வந்து மரபணு மாதிரி கொடுத்தார். தாயும் மகனும் என்பது உறுதியாயிற்று. தேடப்பட்ட மனிதரின் குழந்தையினது மரபணுவோ இந்த இளைஞருடன் பொருந்தவில்லை. எனினும் வழக்கு நீண்டது. 2019 ஜூலையில், மூன்றாண்டுச் சிறையின் பின், ஆள்மாறாட்டம் நேர்ந்தது என ஏற்ற பலெர்மோ நீதிமன்று, வேறொரு சிறு குற்றச்சாட்டில் அவரைக் குற்றவாளியாகக் கண்டபோதும், விடுதலை செய்ய ஆணையிட்டது. அவருக்கு உதவியது அரசின் பேரேடன்று. ஒரு தாய் தானாக முன்வந்து, ஒரே ஒரு கேள்விக்கு விடையாகக் கொடுத்த மாதிரி அது.

தாய்மார் கையில் உள்ள சான்று

யாழ்ப்பாணம் செம்மணியில், 1998 இல் மரணதண்டனை பெற்ற படையினர் ஒருவர் நீதிமன்றில் புதைகுழிகளைப் பற்றிச் சொன்னார். அடுத்த ஆண்டு பதினைந்து எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025 இல் அரியாலை சிந்துபாத்தி மயானத்தில் நீதிமன்ற உத்தரவின்படி நடைபெற்ற அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், குழந்தைகளுடையவை உட்பட, வெளிப்பட்டன. அந்த எலும்புகளுக்குப் பெயர் கொடுக்கக் கூடியது உறவினரின் மரபணு. ஆனால் தம் பிள்ளைகளைக் கொண்டுசென்ற அரசின் கையில் தம் இரத்தத்தையும் எப்படிக் கொடுப்பது என்று தயங்கும் தாய்மாரின் அச்சம் நியாயமானது. தயங்கி நிற்கும் காலமோ கரைந்துகொண்டிருக்கின்றது. 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்து கேட்ட பெற்றோரிற் பலர், விடையறியாமலே மறைந்துவிட்டனர். அவர்களோடு சான்றும் போய்விடுகின்றது.

ஆர்ஜென்ரீனாவின் பாட்டிமார் இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டனர். இராணுவ ஆட்சியில் காணாமற்செய்யப்பட்ட தம் பிள்ளைகளுக்குப் பிறந்து, பிறர் கையில் வளர்ந்த பேரர்களைத் தேடிய அவர்கள், அமெரிக்க அறிஞர் மேரி கிளெயர் கிங் உள்ளிட்டோரின் துணையுடன் பாட்டி வழியில் உறவை நிறுவும் முறையைப் பெற்றனர். அவர்களது கோரிக்கையின் பேரில் 1987 இல் சட்டத்தின் மூலம் ஒரு தேசிய மரபணு வங்கி அமைந்தது. தாம் இறந்த பின்னரும் பேரர்கள் வந்து ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கதாக அவர்கள் தம் இரத்தத்தை அங்கே வைத்தனர். 2025 நடுப்பகுதி வரையில் 140 பேரர்கள் அடையாளம் காணப்பட்டுள்ளனர். அரசு மக்களைத் தேடுவதற்காக எழுந்த ஏடன்று அது. அரசு மறைத்த மக்களைக் குடும்பங்கள் தேடுவதற்காக எழுந்தது.

ஆகவே எமது நிலைப்பாடு இதுதான். அனைவருக்குமான கட்டாய மரபணு ஏட்டை எந்த அரசும், அது எத்துணை நல்ல அரசாயினும், வைத்திருக்கலாகாது. இன்றைய ஆட்சி நல்லதாயிருக்கலாம். ஏடு அடுத்த ஆட்சிக்கும் அதற்கடுத்த ஆட்சிக்கும் கைமாறும். அதே வேளை, குறித்த குற்றத்துக்கு, குறித்த உறவுக்கு, குறித்த எலும்புக்கு விடைகாண மரபணுவைப் பயன்படுத்துவதை நாம் வரவேற்க வேண்டும். செம்மணியையும் ஏனைய புதைகுழிகளையும் முன்னிட்டு, உறவினரின் மாதிரிகளைக் கொழும்பின் கைக்கு எட்டாத, சர்வதேச நம்பிக்கைக்குரிய ஓர் இடத்தில் காலந்தாழ்த்தாது சேமிக்க வழிசெய்யுமாறு கேட்பது புலம்பெயர்ந்த எமது அமைப்புகளின் உடனடிக் கடமை. பெற்றோரிற் பலரும் சகோதரரும் இன்று பலெர்மோவிலும் பாரிசிலும் லண்டனிலும் தொரன்ரோவிலும் உளர் என்பதை மறவாதிருப்போம்.

குடும்ப மீளிணைவுக்காகவோ வேறெதற்காகவோ மாதிரி கொடுக்குமாறு கேட்கப்படும் வாசகர்கள், கையொப்பமிடுமுன் நான்கு விபரங்களை எழுத்திற் கேட்டுப் பெறுதல் வேண்டும்: எந்தக் கேள்விக்காக இம்மாதிரி எடுக்கப்படுகின்றது, அதனை யார் வைத்திருப்பர், வேறு எவருக்குக் கொடுப்பர், எந்நாளில் அழிப்பர். மொழி புரியாவிடின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். உங்கள் துளி உங்களுடையது மட்டுமன்று. ஊரில் இருக்கும் உங்கள் தம்பியினதும், இனிப் பிறக்கப்போகும் உங்கள் பேரப்பிள்ளையினதுமாகும்.